அசுவினியும் அதன் பகைவர்களும்: பயிரின் தாங்கும் திறன் தரும் அவகாசம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இத்தீவுகளுக்கு உண்டு. நெல் அறுவடை முடிந்து மழை ஓய்ந்தபின் வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களே காய்கறிக்கும் பயறு வகைகளுக்கும் ஏற்ற பருவமாகும். அசுவினி என்னும் சிறு பூச்சி பெருகுவதற்கும் இம்மாதங்களே ஏற்றவை. மழைக்காலத்தில் கனத்த மழை இப்பூச்சிகளைச் செடியிலிருந்து அடித்து வீழ்த்திவிடும். மழை நின்றபின் அத்தடை நீங்குகிறது. தட்டைப்பயற்றின் கொழுந்திலும் பூங்காம்பிலும், வெண்டை, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் இலை அடிப்புறத்திலும் அசுவினி கூட்டங் கூட்டமாகத் தோன்றும்.

அப்போது விவசாயி களப்பணியாளரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "என்ன மருந்து அடிக்கலாம்?" இக்கேள்விக்கு விடை கூறுமுன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். இச்செடிகளில் அசுவினியை உண்ணும் உயிர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்துள்ளனவா? இந்த வயதில், இந்த நிலையில் உள்ள பயிர் எவ்வளவு சேதத்தைத் தாங்கவல்லது? இவ்விரண்டையும் அறியாமல் மருந்து தெளித்தால் செலவு வீணாவதோடு, சில சமயங்களில் சேதமும் அதிகரிக்கக் கூடும். இதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தீவுகளில் இந்த விஷயம் முக்கியத்துவம் பெறுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக் கூட்டங்களைச் சேர்ந்த 14,491 ஹெக்டேர் நிலம் 2021ஆம் ஆண்டில், பெரும்பரப்புச் சான்றளிப்புத் திட்டத்தின் கீழ் இயற்கை வேளாண்மைப் பரப்பாக அங்கீகரிக்கப்பட்டது. நாட்டில் இத்திட்டத்தின் கீழ் இவ்வாறு சான்று பெற்ற முதல் தொடர்ச்சியான பெரும்பரப்பு இதுவே. அங்கெல்லாம் இரசாயனப் பூச்சிமருந்துக்கு இடமில்லை. பயிரைக் காப்பவை பயிரின் வலிமையும் இயற்கைப் பகைவர்களுமே. ஏனைய தீவுகளிலும், மருந்து பெரும்பாலும் பெருநிலப்பரப்பிலிருந்து கப்பலில் வந்து சேரவேண்டியதாகும். குடிநீர்க் கிணறும் காய்கறித் தோட்டமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதும் உண்டு. ஆகவே, தெளிக்காமல் இருக்கக்கூடிய நாள் எது, தெளித்தே ஆகவேண்டிய நாள் எது என்று பிரித்தறிவது களப்பணியாளரின் முதற் கடமையாகிறது.

அசுவினியின் இயல்பு

அசுவினி, செடிப்பேன் என்றும் வழங்கும் இப்பூச்சி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையது. ஊசி போன்ற தன் வாயுறுப்பைச் செடியின் திசுக்களுக்குள் செலுத்தி, இலையில் உற்பத்தியாகும் சர்க்கரையைப் பிற பாகங்களுக்குக் கொண்டு செல்லும் குழாய்களிலிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. ஆகவே தனக்கு வேண்டிய சத்தைப் பெறுவதற்குப் பூச்சி ஏராளமான சாற்றை உறிஞ்சி, மிகுந்த சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. இலைகள் பிசுபிசுப்பாவதும், அதன்மீது கரும்பூசணம் படர்வதும், எறும்புகள் தேடி வருவதும் இக்கழிவினாலேயே.

இதிலிருந்து பயனுள்ள உண்மையொன்று பெறப்படுகிறது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்ட செடியின் சாற்றில் அமினோ அமிலங்கள் அதிகமாக இருக்கும். அத்தகைய செடியில் அசுவினி விரைவாக விருத்தியடையும். கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் செடியில் பூச்சி மிகுதியாகக் காணப்படுவது தற்செயலன்று.

வெப்ப மண்டலத்தில் பயிர்களைத் தாக்கும் பெரும்பாலான அசுவினிகள் ஆண்டு முழுவதும் பெண் பூச்சிகளாகவே வாழ்கின்றன. ஆணின் சேர்க்கையின்றியே, முட்டையிடாமல், குஞ்சுகளை நேரடியாக ஈனுகின்றன. பிறக்கும் குஞ்சின் வயிற்றினுள்ளேயே அடுத்த தலைமுறையின் கருக்கள் வளரத் தொடங்கிவிடுகின்றன. நல்ல வெப்பத்தில் ஒரு குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாயாகிவிடும். கூட்டம் நெருக்கமானாலோ செடி வாடினாலோ, சிறகுடைய பூச்சிகள் தோன்றிப் பறந்து சென்று புதிய செடிகளில் குடியேறுகின்றன. சிறகு முளைத்த அசுவினிகள் மிகுதியாகக் காணப்பட்டால், பூச்சி வேறிடம் நாடத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

பகைவர்கள் யாவர்?

அசுவினி மெதுவாக நகர்வது, மென்மையான உடலுடையது, கூட்டமாகவே வாழ்வது. ஆகவே அதனை இரையாகக் கொள்ளும் உயிர்கள் பல. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை இரைவிழுங்கிகள். இவற்றுள் தலையாயது பொறிவண்டு. மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறச் சிறகுறையில் வளைந்து நெளிந்த கருங்கோடுகளையுடைய ஆறுபுள்ளிப் பொறிவண்டும், சிவப்பு நிறத்தில் குறுக்குப் பட்டைகளையுடைய மற்றொரு வகையும் இந்தியாவின் வயல்களில் பரவலாகக் காணப்படுபவை. வண்டினை விவசாயிகள் அறிவர். அதன் புழுவைப் பலரும் அறியார். கறுத்த, நீண்ட, ஆறு கால்களையுடைய, முதலையைப் போன்ற உருவமும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட அப்புழுவைத் தீய பூச்சியென்று கருதி நசுக்குவோர் உண்டு. உண்மையில் ஒரு புழு தன் வளர்ச்சிக் காலத்தில் பல நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். மலர்களை நாடித் திரியும் சிர்ஃபிட் ஈயின் புழு கால்களற்றது, பசுமை நிறமுடையது. அசுவினிக் கூட்டத்தின் நடுவில் படுத்தவாறே ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி மெல்லிய காம்பின் நுனியில் முட்டையிடும். அதன் புழுவும் கொடிய இரைவிழுங்கியே.

இரண்டாம் வகை ஒட்டுண்ணிக் குளவிகள். இவை கொசுவினும் சிறியவை. அசுவினியின் உடலுக்குள் முட்டையொன்றை இட்டுச் செல்லும். உள்ளே தோன்றும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று வளரும். அப்போது அசுவினி உப்பி, வைக்கோல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறி, காகிதம் போன்ற வெற்றுக் கூடாக இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வட்டமான துளையொன்று அதில் காணப்பட்டால், குளவி வெளியேறிவிட்டதென்று பொருள்.

மூன்றாம் வகை பூசண நோய்கள். ஈரப்பதம் மிக்க காற்றில் சில பூசணங்கள் அசுவினியைப் பற்றி, சில நாட்களிலேயே கூட்டம் முழுவதையும் அழித்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியும் ஈரமாயிருக்கும் தீவுகளில் இவ்வகை குறிப்பிடத்தக்கது. எதிர்பாராது பெய்யும் இரண்டு நாள் மழைக்குப்பின் அசுவினி திடீரெனக் குறைவதற்கு மழையின் வேகத்தோடு இப்பூசணங்களும் காரணமாகலாம்.

காலக் கணக்கு

இத்தனை பகைவர்கள் இருந்தும் அசுவினி பெருகுவது ஏன் என்ற வினா எழலாம். காலத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். அசுவினியின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு வாரம். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். மேலும், இரையே இல்லாத செடியில் பொறிவண்டு முட்டையிடாது. கூட்டம் ஓரளவு பெருகிய பின்னரே அது வந்து சேரும். ஆகவே பகைவர்கள் எப்போதும் சற்றுப் பிந்தியே வருகின்றனர். அவர்கள் வரும்வரை செடி தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினால் இதனை விளக்கலாம். ஒரு செடியில் 10 அசுவினிகள் உள்ளன என்றும், அவை 2 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன என்றும் கொள்வோம். 10 நாட்களில் அவை 320 ஆகிவிடும். இனி, வேறொரு செடியில் சாறு அவ்வளவு உகந்ததாயில்லை. அங்கு இரட்டிப்பாக 3 நாட்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே 10 நாட்களில் அங்குச் சுமார் 100 மட்டுமே இருக்கும். இரு செடிகளுக்கும் உள்ள வேற்றுமை சிறியதே. ஆயினும் பத்தாம் நாள் வந்து சேரும் பொறிவண்டுக்கு இரண்டாம் செடியில் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் உண்டு. முதற் செடியில் தோல்வியுறக்கூடிய அதே வண்டு, இரண்டாம் செடியில் வெற்றி பெறும்.

செடியின் சிறிதளவு எதிர்ப்பும் பகைவர்களின் சிறிதளவு உதவியும் சேரும்போது, இரண்டின் கூட்டுத்தொகையினும் மிக்க பயன் விளைகிறது என்பதே இதன் கருத்து. செடி அவகாசம் அளிக்கிறது. பகைவர்கள் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக் கொள்கின்றனர்.

பயிரின் தாங்கும் திறன்

பூச்சிகளுக்குப் பயிர்கள் காட்டும் எதிர்ப்பை அமெரிக்க விஞ்ஞானி ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் வெளியிட்ட தம் நூலில் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். பூச்சி அந்தச் செடியை விரும்பி நாடாமை முதலாவது. நாடி உண்டாலும் அதன் வளர்ச்சியும் விருத்தியும் குன்றுதல் இரண்டாவது. பூச்சி உண்டு பெருகினாலும், செடி தன் மகசூலைப் பெரிதும் இழக்காதிருத்தல் மூன்றாவது. இம்மூன்றாவதே தாங்கும் திறன் எனப்படும்.

முதல் இரண்டு வகைகளும் பூச்சியை நெருக்குகின்றன. நெருக்கடிக்கு உள்ளாகும் பூச்சியினத்தில், அதனை வெல்லும் புதிய பிரிவுகள் தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் 1986இல் காணப்பட்ட ரஷ்யக் கோதுமை அசுவினியை எதிர்க்கும் கோதுமை வகைகள் 1990களில் வெளியிடப்பட்டன. 2003இல் அவ்வெதிர்ப்பை வென்ற புதிய பிரிவு கொலராடோ மாநிலத்தில் தோன்றியது. தாங்கும் திறனோ பூச்சியை நெருக்குவதில்லை; ஆகவே அதனை வெல்லவேண்டிய அவசியமும் பூச்சிக்கு எழுவதில்லை. பகைவர்களின் நோக்கிலும் இது நன்மையே. செடியில் ஓரளவு அசுவினி எப்போதும் இருந்தால்தான் பொறிவண்டும் குளவியும் அவ்விடத்தை விட்டு அகலாமல் இருக்கும்.

செடி எவ்வாறு தாங்குகிறது? இலைகள் சிலவற்றின் சாறு குறையும்போது ஏனைய இலைகள் அதிகமாக உழைத்து ஈடுசெய்கின்றன. கொழுந்து நசிந்தால் பக்கக் கிளைகள் புறப்படுகின்றன. தட்டைப்பயறு தான் பூக்கும் பூக்களில் பெரும்பகுதியை, பூச்சி ஏதும் இல்லாதபோதும், இயல்பாகவே உதிர்த்துவிடுகிறது. ஆகவே அசுவினியால் சில பூக்கள் உதிர்வதைக் கண்டு அத்தனை காய்களும் போயின என்று கணக்கிடுதல் தவறு. பல செடிகள் தமக்கு இன்றியமையாத அளவினும் மிகுதியான இலைப்பரப்பை உடையவை. அந்த மிகுதியே அவற்றின் சேமிப்பு எனலாம்.

ஆயினும் அந்தச் சேமிப்பு எல்லா வயதிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முளைத்து இரண்டு மூன்று வாரமே ஆன நாற்றுக்கு அது மிகக் குறைவு. நீரின்றி வாடும் செடிக்கும் குறைவு. வறண்ட மாதங்களில் மூடாக்கு இட்டு ஈரம் காத்த பாத்தியில் வளரும் செடி, அதே எண்ணிக்கையுள்ள அசுவினியை எளிதில் தாங்கும். எனவே தாங்கும் திறன் என்பது விதையோடு வருவது மட்டுமன்று. விவசாயியின் பராமரிப்பினாலும் கூடுவதும் குறைவதுமாகும்.

கரும்பில் கண்ட பாடம்

மேற்கூறியவை யாவும் ஏட்டளவில் நிற்பவையல்ல என்பதை நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. கரும்பைத் தாக்கும் கம்பளி அசுவினி, வெண்ணிறப் பஞ்சு போன்ற மெழுகைப் போர்த்திக்கொண்டு இலையின் அடிப்புறத்தில் வாழ்வது. வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்காளத்திலும் இது பல ஆண்டுகளாகவே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அங்குப் பெருஞ்சேதம் விளைவிக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் இப்பூச்சி மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் திடீரெனப் பெருகியது. சில மாதங்களுக்குள் கர்நாடகத்திலும், பின்னர் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரவியது. தோட்டங்கள் வெண்மை படர்ந்தும், கீழிலைகள் கரும்பூசணம் மூடியும் காட்சியளித்தன. விவசாயிகளும் சர்க்கரை ஆலைகளும் பெரிதும் கலக்கமுற்றனர்.

அசாமில் அடங்கியிருந்த பூச்சி தக்காணத்தில் ஏன் அடங்கவில்லை? அசாமில் என்கார்சியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி இதன்மீது இடைவிடாது வாழ்ந்துவந்தது. தக்காணத்துக்கு அசுவினி வந்தது. குளவி உடன் வரவில்லை. பகைவனைப் பின்னே விட்டுவிட்டு வந்த பூச்சி புதிய நிலத்தில் கட்டுக்கடங்காமல் பெருகுவது உலகெங்கும் காணப்படும் உண்மையாகும்.

முதலில் பலரும் மருந்து தெளித்தனர். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பினுள் புகுந்து, இலையின் அடிப்புறத்தில் மருந்து படுமாறு தெளித்தல் எளிதன்று. இதற்கிடையில், இரண்டு இரைவிழுங்கிகள் வயல்களிலேயே பெருகிவருவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஒன்று, டைஃபா என்னும் அந்துப்பூச்சியின் புழு. அது அசுவினிக் கூட்டத்தின் நடுவே நூலாம்படை பின்னி, அதனுள்ளிருந்து அசுவினிகளைத் தின்னும். மற்றொன்று, மைக்ரோமஸ் என்னும் பழுப்பு நிற இறக்கைப் பூச்சி. டைஃபாவை நிழல்வலைக் கூடங்களில் வளர்த்து, அது இல்லாத தோட்டங்களுக்கு எடுத்துச் சென்று விடும் முறை கையாளப்பட்டது. இரைவிழுங்கிகள் காணப்படும் தோட்டங்களில் மருந்து தெளிக்கவேண்டாம் என்றும் விவசாயிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அதன் பின்னர் அசாமிலிருந்து என்கார்சியா குளவி கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவரப்பட்டு வயல்களில் விடப்பட்டது. பெங்களூரில் இருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககமும், கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் இப்பணிகளில் ஈடுபட்ட நிலையங்களுள் அடங்கும். குளவி புதிய இடங்களில் நிலைபெற்றது. அசுவினியின் உக்கிரமும் தணிந்தது.

இவ்வெற்றியில் கரும்பின் பங்கும் உண்டு. கரும்பு பத்து மாதங்களுக்கு மேல் நிலத்தில் நிற்கும் பயிர். பழைய இலைகள் கெட்டாலும் உச்சியில் புதிய இலைகள் தொடர்ந்து விரிகின்றன. பகைவர்கள் பெருகுவதற்கு வேண்டிய வாரங்களை அப்பயிர் தந்தது. தழைச்சத்தை அளவோடு இடுதல், அகன்ற வரிசைகளில் நடுதல் ஆகிய பரிந்துரைகளும், பூச்சியின் விருத்தியைத் தாமதப்படுத்தி அந்த அவகாசத்தை நீட்டிப்பதற்கே உதவின.

அயல்நாட்டு அனுபவம்

இதே பாடத்தை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியதும் ஓர் அசுவினியே. 1954இல் கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களில் புள்ளி அசுவினி என்னும் புதிய பூச்சி புகுந்தது. கடுமையான மருந்துகள் தெளிக்கப்பட்டன; சில ஆண்டுகளுக்குள் பூச்சி அம்மருந்துகளையே தாங்கத் தொடங்கியது. அப்போது விஞ்ஞானிகள் வேறு வழியை நாடினர். அயல்நாடுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தனர். உள்ளூர்ப் பொறிவண்டுகளைக் காத்தனர். எதிர்ப்புடைய குதிரைமசால் வகைகளைப் பயிரிட்டனர். பகைவர்களைப் பெரிதும் கொல்லாத மருந்தை, தேவைப்பட்ட இடத்தில் மட்டும், குறைந்த அளவில் உபயோகித்தனர். இந்த அனுபவத்தின் அடிப்படையில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959இல் வெளியிட்ட கட்டுரை, ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு என்னும் கொள்கைக்கு அடித்தளம் இட்டது. பூச்சி இருப்பது வேறு, பொருளாதாரச் சேதம் வேறு என்ற வேறுபாட்டை வலியுறுத்தியது அக்கட்டுரையே. சேதத்தின் மதிப்பு கட்டுப்பாட்டுச் செலவை எட்டும் நிலைக்கு முன்னர் மருந்து தெளிப்பது நட்டமே என்பது அதன் சாரம்.

மருந்து தெளித்தபின் நிகழ்வது

எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை வயல் முழுவதும் தெளித்தால் அசுவினிகளில் பெரும்பாலானவை மடிகின்றன. உடனிருந்த பொறிவண்டு, சிர்ஃபிட் புழு, குளவி ஆகியவையும் மடிகின்றன. சுருண்ட இலைக்குள் மருந்து படாமல் சில அசுவினிகள் தப்பிவிடும். அவை ஒரு வாரத்தில் மறுபடியும் பெருகத் தொடங்கும். பகைவர்களோ, முன்னர் கூறியவாறு, வாரக்கணக்கில் பிந்தியே மீள முடியும். எனவே மூன்றாம் வாரத்தில் முன்னிலும் அதிகமான அசுவினி காணப்படலாம். விவசாயி மீண்டும் தெளிக்கிறார். ஒவ்வொரு தெளிப்பும் அடுத்த தெளிப்பைக் கட்டாயமாக்குகிறது. பூக்கும் தட்டைப்பயற்றில் தேனீக்களும் இவ்வாறே மடிகின்றன. காய்களை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் பயிரில், நஞ்சு உண்பவரையும் சென்றடையக் கூடும் என்பதை மறத்தலாகாது.

பொறுத்தல் ஆகாத இடங்கள்

இயற்கையிடம் ஒப்படைத்துவிட்டு எல்லா இடங்களிலும் வாளாவிருக்கலாம் என்று இதற்குப் பொருளன்று. நான்கு நிலைகளில் விழிப்புத் தேவை.

முதலாவது, நாற்றுப் பருவம். இளஞ்செடி நீண்ட அவகாசம் அளிக்க இயலாது.

இரண்டாவது, வைரஸ் நோய். அசுவினி உறிஞ்சும் சாற்றின் அளவு சிறிதாயினும், அது பரப்பும் நோய் பெரிதாயிருக்கலாம். வாழையின் முடிக்கொத்து நோயை வாழை அசுவினி பரப்புகிறது. தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழைத் தோட்டங்கள் இந்நோயினால் பெரிதும் அழிந்தன. சில அசுவினிகளே நோயைப் பரப்பப் போதுமாதலால், பொறிவண்டு இங்குக் காப்பாற்றாது. நோயற்ற கன்றுகளை நடுதலும், நோயுற்ற மரத்தை உடனே கிழங்கோடு அகற்றி அழித்தலுமே வழி.

மூன்றாவது, எறும்புகள் மிகுந்த இடம். தேன் கழிவுக்காக எறும்புகள் அசுவினியைக் காத்துநின்று பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடுகின்றன. எறும்புச் சாரி ஏறும் செடிகளில் பகைவர்கள் குறைவாயிருத்தலைக் கண்கூடாகக் காணலாம்.

நான்காவது, புதிதாக வந்த பூச்சி. கம்பளி அசுவினியின் வரலாறு தீவுகளுக்கு ஓர் எச்சரிக்கையாகும். கடல் இத்தீவுகளுக்கு அரண். அந்த அரணைக் கடந்து கன்றுகளோடும் பதியன்களோடும் வரும் பூச்சி, தன் பகைவர்களை அக்கரையிலேயே விட்டுவிட்டு வரக்கூடும். முன்பு காணாத அசுவினியைக் கண்டால், மாதிரியைச் சேகரித்து, ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும். போர்ட் பிளேர் எனப்பட்ட அந்நகரில் 1978இல் நிறுவப்பட்ட அந்நிலையம், தீவுகளின் பயிர்களை ஆராய்வதற்கென்றே அமைந்ததாகும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

வயலின் ஐந்து இடங்களில், இடத்துக்கு நான்கு செடிகளாக, இருபது செடிகளைப் பார்வையிடுக. ஒவ்வொன்றிலும் அசுவினி இல்லை, சிறிதளவு, மிகுதி என மூன்று நிலைகளில் குறித்துக்கொள்க. பொறிவண்டு, அதன் புழு, முட்டை, சிர்ஃபிட் புழு, உப்பிய கூடுகள் ஆகியவற்றை எண்ணிக் குறிக்க. நான்கைந்து நாட்கள் கழித்து மறுபடியும் சென்று அவ்வாறே குறிக்க. ஒரு நாள் கணக்கு வயலின் நிலையை மட்டுமே கூறும். இரு நாள் கணக்கே அது செல்லும் திசையைக் கூறும். அசுவினி மிகுந்த செடிகள் கூடாமல், பகைவர்கள் கூடியிருப்பின் மருந்து வேண்டியதில்லை. அசுவினி கூடி, பகைவர்கள் காணப்படாமல், பயிரும் இளமையாயிருப்பின் நடவடிக்கை வேண்டும்.

நடவடிக்கையும் எளியவற்றிலிருந்தே தொடங்குதல் நன்று. அசுவினி மொய்த்த கொழுந்துகளைக் கிள்ளி அகற்றலாம். அவற்றில் பொறிவண்டின் முட்டையோ புழுவோ இருப்பின் அவற்றை வேறு செடிக்கு மாற்றுக. நீரை விசையோடு பீய்ச்சி அசுவினியை வீழ்த்தலாம். இவை போதாவிடின், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற அளவில் தயாரித்த 5 சதவீதச் சாற்றை, தாக்குண்ட செடிகளில் மட்டும் மாலை வேளையில் தெளிக்கலாம். வயல் ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைப்பது நல்ல வழக்கம். அதில் வாழும் அசுவினி காய்கறிச் செடிகளைத் தாக்குவதில்லை. ஆனால் பொறிவண்டுகளுக்கு உணவாகி, அவை முன்கூட்டியே வந்து தங்க உதவுகிறது. பகைவர்கள் பிந்தி வருகின்றனர் என்ற குறைக்கு இதுவே எளிய பரிகாரம்.

காய்கறி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஷாஹீத் தீவு போன்ற இடங்களில் தோட்டங்கள் நெருங்கி அமைந்துள்ளன. அங்கு ஒரு தோட்டத்தின் பொறிவண்டு அடுத்த தோட்டத்துக்கும் உதவும். ஒரு தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சு அடுத்ததன் பகைவர்களையும் குறைக்கும். ஆகவே விவசாயிகளைக் கூட்டாகச் சந்தித்துப் பேசுதல் மிக்க பயன் தரும்.

பள்ளியில் ஒரு பரிசோதனை

ஆசிரியர்கள் இதனைச் செலவின்றி மாணவர்களுக்குக் காட்டலாம். பள்ளித் தோட்டத்துத் தட்டைப்பயற்றிலிருந்து, உப்பிய பழுப்பு நிறக் கூடுகள் ஒட்டியுள்ள இலையொன்றைப் பறித்து, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியிலிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்க. சில நாட்களில் நுண்ணிய குளவிகள் புட்டியினுள் பறப்பதை மாணவர்கள் காண்பர். மற்றொரு புட்டியில் அசுவினி உள்ள கொழுந்தோடு பொறிவண்டின் புழு ஒன்றை விட்டு, ஒரு நாளில் அது எத்தனை அசுவினிகளைத் தின்கிறது என்று எண்ணச் செய்யலாம். கணக்குப் பாடத்தில், 10 அசுவினிகள் 2 நாட்களுக்கொருமுறை இரட்டிப்பானால் 20 நாட்களில் எத்தனையாகும் என்று கேட்கலாம். விடை 10,240. அத்தனை அசுவினிகள் நம் தோட்டத்துச் செடி ஒன்றில் ஏன் காணப்படவில்லை என்று அடுத்துக் கேட்டால், மாணவர்கள் தாமே பொறிவண்டையும் குளவியையும் மழையையும் விடையாகக் கூறுவர்.

இவ்வாறு கற்ற மாணவன் வீட்டுக்குச் சென்று, தன் தந்தையின் தோட்டத்தில் கறுத்த புழுவைக் கண்டால் அதனை நசுக்க விடமாட்டான். அதன் பயன் அவ்வாண்டு விளைச்சலிலேயே காணப்படும். களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் வரும் வறண்ட பருவத்திலேயே இம்முறையைத் தத்தம் கிராமங்களில் கையாண்டு, தாங்கள் காண்பவற்றை நாள்வாரியாகக் குறித்துவைப்பார்களாயின், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு தீவிலும் அசுவினி எப்போது பெருகுகிறது, அதன் பகைவர்கள் எப்போது வந்து சேர்கின்றனர் என்பது ஐயமின்றித் தெளிவாகும்.